ஒரு லெகோ கட்டைக்கு அச்சு செய்வது எப்படி?

எட்டுக் குமிழ்கள் கொண்ட லெகோ கட்டை ஒன்றைக் கையில் எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். நான்கு சுவர்கள், நடுவில் வரிசையாக மூன்று குழாய்கள், ஒவ்வொரு குமிழுக்கும் நேர் கீழே ஒரு சிறு பள்ளம் ஆகியவை தெரியும். குழந்தைக்கு அது ஒரு விளையாட்டுப் பொருள். பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு செய்யும் தொழிலைப் பழக விரும்புகிறவருக்கோ அது ஒரு முழுப் பாடப்புத்தகம். தமிழ்நாட்டுத் தொழிற்கூடங்களில் மோல்டு என்றும் டை என்றும் அழைக்கப்படும் இரும்பு அச்சு எப்படிச் சிந்திக்கப்படுகிறது, எப்படிக் கடையப்படுகிறது என்பதை இந்த ஒரே கட்டையைக் கொண்டு விளக்க முடியும். பிளாஸ்டிக் பொம்மைகளில் இதைவிடச் சிக்கலானவை எவ்வளவோ உண்டு. ஆயினும் இவ்வளவு எளிய உருவம் இவ்வளவு கறாரான அளவுகளைக் கேட்பது வேறு எதிலும் அரிது என்பதால் இதையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் வரலாற்றில் தேவையான அளவு மட்டும். டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் மர பொம்மைகள் செய்துவந்த தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் 1940-களின் பிற்பகுதியில் பிளாஸ்டிக் வார்ப்பு இயந்திரம் ஒன்றை வாங்கி, 1949-இல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கக்கூடிய கட்டைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அந்தக் கட்டைகளின் அடிப்பகுதி வெறும் பொந்தாக இருந்ததால் பிடிப்பு போதவில்லை. உள்ளே குழாய்களை வைக்கும் வடிவத்துக்கு அவர் மகன் காட்ஃப்ரெட் 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கோரினார். தொடக்கத்தில் பயன்பட்ட செல்லுலோஸ் அசிடேட் நாளடைவில் உருத்திரிந்ததால், 1963-இல் ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக்குக்கு நிறுவனம் மாறியது. இன்றுவரை பெரும்பாலான கட்டைகள் அந்தப் பொருளில்தான் வருகின்றன.

இனி அளவுகள். குமிழ்களின் மையங்களுக்கு இடையே 8 மி.மீ. தூரம், குமிழின் விட்டம் 4.8 மி.மீ., கட்டையின் உயரம் குமிழ் நீங்கலாக 9.6 மி.மீ., நீளம் 31.8 மி.மீ., அகலம் 15.8 மி.மீ. நான்கு குமிழ்களுக்கு 32 மி.மீ. தானே வரவேண்டும் என்று தோன்றும். அருகருகே வைக்கும் கட்டைகள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளாமல் இருக்க 0.2 மி.மீ. விட்டுக்கொடுக்கப்பட்டுள்ளது. மீதி அளவுகளை நாமே கணக்கிட்டுவிடலாம் என்பதுதான் இந்த வடிவத்தின் அழகு. கீழ்க்கட்டையின் நான்கு குமிழ்கள் ஒரு சதுரத்தின் மூலைகளில் நின்று, மேல்கட்டையின் குழாயைச் சுற்றிப் பிடிக்கின்றன. 8 மி.மீ. சதுரத்தின் மூலைவிட்டம் 11.31 மி.மீ.; அதிலிருந்து ஒரு குமிழின் விட்டத்தைக் கழித்தால் 6.51 மி.மீ. எஞ்சும். குழாயின் வெளிவிட்டம் அதுவே. வெளிப்பக்கத்தில் நிற்கும் குமிழின் மையம் சுவரின் வெளிமுகத்திலிருந்து 3.9 மி.மீ. உள்ளே இருக்கிறது, குமிழின் ஆரமான 2.4 மி.மீ.-ஐக் கழித்தால் சுவரின் பருமன் 1.5 மி.மீ. என்று வருகிறது. அதாவது ஒவ்வொரு குமிழும் ஒரு பக்கம் சுவரையும் மறுபக்கம் குழாயையும் தொட்டுக்கொண்டு இருக்கவேண்டும். கட்டைகள் இறுகப் பிடிப்பதும் இலகுவாகப் பிரிவதும் இந்தத் தொடுகையில் ஒரு தலைமுடியின் பருமனுக்கும் குறைவான வேறுபாட்டில் அடங்கியிருக்கின்றன. அச்சு செய்பவர் இலக்காகக் கொள்ளவேண்டியது அந்த வேறுபாட்டைத்தான்.

இன்ஜெக்‌ஷன் மோல்டிங் என்பது சுருக்கமாக இதுதான்: பிளாஸ்டிக் மணிகளைச் சூடான உருளைக்குள் ஒரு திருகு சுழன்று உருக்குகிறது, உருகிய குழம்பை அதே திருகு முன்னோக்கித் தள்ளி, இறுக மூடிய அச்சின் உள்வெளிக்குள் செலுத்துகிறது, குழம்பு குளிர்ந்து கெட்டியானதும் அச்சு திறந்து பொருளைத் தள்ளி வெளியேற்றுகிறது. ஏ.பி.எஸ். ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸில் உள்ளே போகும். அச்சோ நீரோட்டத்தால் 60 டிகிரியை ஒட்டி வைக்கப்பட்டிருக்கும். இயந்திரத்தில் நிலையாக நிற்கும் பாதியில் கேவிட்டி என்னும் குழியும், நகரும் பாதியில் கோர் என்னும் மேடும் இருக்கின்றன. கட்டையின் வெளிமுகங்களையும் குமிழ்களையும் குழி உருவாக்குகிறது. உட்புறத்தை மேடு உருவாக்குகிறது. இரண்டும் சந்திக்கும் கோடு பார்ட்டிங் லைன் எனப்படும். நம் கட்டையில் அது அடிவிளிம்பில் ஓடும்படி அமைப்பதே சரி. கையில் படும் முகங்களில் கோடு விழாது. கட்டைகள் அடுக்கப்பட்டதும் அந்த விளிம்பு கண்ணிலிருந்தே மறைந்துவிடும்.

புதிதாக வடிவமைக்க வருபவர்கள் குழம்பு எப்படி உள்ளே போகும் என்றே கவலைப்படுகிறார்கள். ஆனால் உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் கடினம். குளிரும் பிளாஸ்டிக் சுருங்கும். சுருங்கும்போது குழியின் சுவரிலிருந்து விலகி, மேட்டைக் கவ்விப் பிடிக்கும். இந்தக் கவ்வல் நமக்கு ஒரு வகையில் நன்மையே. அச்சு திறக்கும்போது கட்டை மேட்டோடு ஒட்டிக்கொண்டு நகரும் பாதியுடன் வரும்; தள்ளும் ஊசிகள் அந்தப் பாதியில்தான் இருக்கின்றன. அதன்பின் அந்தப் பிடியை விடுவிக்க வேண்டும். இதற்காகவே சுவர்களுக்கு டிராஃப்ட் என்னும் சிறு சரிவு கொடுக்கிறார்கள். பொதுவான பொம்மைகளுக்கு ஒரு பக்கத்துக்கு 1 டிகிரி சரிவு நல்ல தொடக்கம். நம் கட்டைக்கு அந்த 1 டிகிரியைக் கொடுத்தால் 9.6 மி.மீ. உயரத்தில் சுவர் 0.17 மி.மீ. சாய்ந்துவிடும். பத்துக் கட்டைகளை அடுக்கினால் சுவர் படிப்படியாகத் தெரியும். மேலே கணக்கிட்ட தொடுகையும் அழிந்துபோகும். ஆகவே இந்தக் கட்டைக்குச் சரிவை ஏறத்தாழ இல்லாத அளவுக்குக் குறைத்து, அதற்கு ஈடாக அச்சின் முகங்களைக் கண்ணாடிபோல் பாலிஷ் செய்து, தள்ளும் விசையைச் சீராகப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். முதல் அச்சு செய்கிறவர் இந்த வழியைப் பின்பற்ற வேண்டாம் என்பதே என் அறிவுரை. ஒரு பம்பரமோ சிறு வண்டியோ செய்து, 1 அல்லது 2 டிகிரி சரிவைத் தாராளமாகக் கொடுத்துவிடுங்கள்.

சுருக்கத்துக்குத் தனியாக ஒரு கணக்கு உண்டு. ஏ.பி.எஸ். குளிரும்போது 0.4 முதல் 0.7 சதவீதம் வரை சுருங்குகிறது. 0.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 31.8 மி.மீ. நீளக் கட்டைக்கு அச்சில் 31.96 மி.மீ. வெட்டவேண்டும். 0.16 மி.மீ. கூடுதலாக விட்டாயிற்று என்று நிம்மதி அடைந்துவிட முடியாது. உண்மையான சுருக்கம் 0.6 சதவீதமாக இருந்துவிட்டால் கட்டை 0.03 மி.மீ. குட்டையாகிவிடும், மற்ற பொம்மைகளில் யாரும் கவனிக்காத இந்தப் பிழை இங்கே பிடிப்பைக் கெடுத்துவிடும். செலுத்தும் அழுத்தம், அச்சின் சூடு, சுவரின் பருமன், குழம்பு ஓடும் திசை என்று எல்லாமே சுருக்கத்தை மாற்றக்கூடியவை. பொருளை விற்பவர் தரும் தாளிலுள்ள எண் ஒரு தொடக்கம் மட்டுமே. பொம்மை வடிவத்தை இறுதி செய்வதற்கு முன்பே எந்தப் பிளாஸ்டிக் என்பதை முடிவு செய்துவிடவேண்டும் என்று அச்சு செய்வதில் பழுத்த டூல்மேக்கர்கள் பிடிவாதம் பிடிப்பதன் காரணம் இதுதான். ஏ.பி.எஸ்.-க்கு வெட்டிய அச்சில் 1 முதல் 2 சதவீதத்துக்கு மேலும் சுருங்கக்கூடிய பாலிபுரோப்பிலீனை ஊற்றினால், வருவது வேறு அளவுள்ள இன்னொரு பொம்மை.

பருமனும் அதே அளவு முக்கியம். குளிர்வதற்கான நேரம் சுவரின் பருமனுடைய வர்க்கத்தைப் பின்பற்றுகிறது. பருமன் இருமடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். 1.5 மி.மீ. சுவர் சுமார் 5 வினாடிகளில் தள்ளிவிடும் அளவுக்குக் கெட்டியாகும் என்றால், 3 மி.மீ. சுவருக்கு ஏறத்தாழ 20 வினாடிகள் தேவைப்படும். மெல்லிய இடமும் தடித்த இடமும் அடுத்தடுத்து இருந்தால், மெல்லிய இடம் உறைந்த பிறகும் தடித்த இடம் உள்ளே சுருங்கிக்கொண்டே இருந்து மேற்பரப்பைக் குழிய வைத்துவிடும். இதையே சிங்க் மார்க் என்கிறார்கள். கட்டையில் ஒவ்வொரு குமிழுக்கும் கீழே பார்த்தோமே, அந்தச் சிறு பள்ளம் குமிழ் ஒரு தடித்த உருளையாக இருந்துவிடாமல் நடுவிலிருந்து பிளாஸ்டிக்கைக் குறைக்கிறது. குமிழின் முகம் குழியாமல் சமதளமாக இருப்பதற்கு அது துணை நிற்கிறது.

குழம்பு நுழையும் வாயிலான கேட் எங்கே இருக்கவேண்டும் என்பதை ஒரு கேள்வியால் முடிவு செய்யலாம்: அது விட்டுச்செல்லும் தழும்பு எங்கே இருந்தால் பாதகமில்லை? பழைய லெகோ கட்டைகளில் அந்தத் தழும்பு பக்கச் சுவரில் சிறு புள்ளியாகத் தெரியும். பிற்காலத்தவற்றில் அது ஒரு குமிழின் தலையில், எழுத்துகளுக்கிடையே ஒளிந்திருப்பதை உற்றுப் பார்த்தால் காணலாம். நுழைந்த குழம்புக்கு இடம் விட்டு உள்ளிருக்கும் காற்று வெளியேறவும் வேண்டும். அதற்கு வழியில்லாவிட்டால் காற்று நெருங்கிச் சூடேறி, பிளாஸ்டிக்கின் ஓரத்தைக் கருக்கிவிடும். ஏ.பி.எஸ்.-க்குக் காற்றுவழியின் ஆழம் 0.03 முதல் 0.05 மி.மீ. வரை இருக்கலாம்: அதில் காற்று போகும், குழம்பு போகாது. இதைவிட ஆழமாக வெட்டிவிட்டால் ஃபிளாஷ் என்னும் மெல்லிய சவ்வு விளிம்பில் வளரும். குழந்தையின் விரலைக் கீறக்கூடிய கூர்விளிம்பு அது என்பதால், பொம்மைத் தொழிலில் அதைத் தோற்றக் குறையாக மட்டும் கருதக் கூடாது. இந்தியாவில் பொம்மைகளுக்குரிய ஐ.எஸ். 9873 தரநிலையும் கூர்விளிம்புகளைச் சோதிக்கச் சொல்கிறது.

மூடும் விசையையும் ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். மேலிருந்து பார்த்தால் கட்டையின் பரப்பு சுமார் 5 சதுர செ.மீ. உள்ளே சதுர செ.மீ.-க்கு 400 கிலோ அழுத்தம் இருந்தால், இந்த ஒரு சிறு கட்டை அச்சின் இரு பாதிகளையும் 2 டன் விசையால் பிளக்கப் பார்க்கிறது. ஒரே அச்சில் எட்டுக் கட்டைகள் என்றால் 16 டன், குழம்பு ஓடும் ரன்னர் வாய்க்காலுக்கு இன்னும் கொஞ்சம். எட்டுக் குழிகள் கொண்ட அச்சுக்கு 30 டன் இயந்திரமாவது வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும்.

இனி கடைசல் வேலைக்கு வருவோம். இங்கே மனத்தைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்ளும் பழக்கம் தேவை. பொம்மையில் மேடாக இருப்பது அச்சில் பள்ளம். பொம்மையின் வெளிமூலை அச்சின் உள்மூலை. எண்ட் மில் என்னும் சுழலும் வெட்டுக்கருவி வட்டமானது. அதனால் வெளிமூலையைக் கூர்மையாக வெட்ட முடியும், உள்மூலையை முடியாது. குமிழ்களின் தலையில் லெகோ என்ற எழுத்துகள் புடைத்து நிற்பதற்கும் இதே தர்க்கம்தான் காரணம். புடைத்த எழுத்து வேண்டுமானால் அச்சில் எழுத்தைக் கண்ணாடிப் பிம்பமாகச் செதுக்கிவிட்டால் போதும். பொம்மையில் எழுத்து பதிந்து இருக்கவேண்டுமானால், அச்சில் எழுத்து மட்டும் எஞ்சி நிற்கும்படி அதைச் சுற்றியுள்ள முகம் முழுவதையும் குறைத்தெடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பொம்மைகளில் நிறுவனப் பெயர்கள் பெரும்பாலும் புடைத்தே இருப்பதை இனி நீங்கள் கவனிப்பீர்கள்.

கட்டையின் குழியை ஒரே இரும்புத் துண்டில் எண்ட் மில்லால் வெட்ட முயன்றால் என்ன ஆகும்? 3 மி.மீ. விட்டமுள்ள கருவி ஒவ்வொரு மூலையிலும் 1.5 மி.மீ. ஆரத்தை விட்டுவிடும், கட்டையின் மூலைகள் சோப்புத் துண்டுபோல உருண்டுவிடும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஸ்பார்க் மெஷின் என்று கடைகளில் அழைக்கப்படும் ஈ.டி.எம். சோவியத் அறிவியலாளர்களான லசரென்கோ தம்பதி 1943-இல் உருவாக்கிய முறை இது. செம்பிலோ கிராஃபைட்டிலோ கட்டையின் வடிவத்தை ஒரு எலக்ட்ரோடாகக் கடைந்து, எண்ணெய்க்குள் அமிழ்ந்த இரும்பின் அருகே கொண்டுபோனால், இடையே பாயும் ஆயிரக்கணக்கான மின்பொறிகள் இரும்பைத் துளித்துளியாக அரித்து அதே வடிவத்தைக் குழியாக்கும். பொறி தாவும் இடைவெளியைக் கழித்து எலக்ட்ரோடைச் சற்றுச் சிறிதாகச் செய்யவேண்டும். செம்பில் வெளிமூலையைக் கூர்மையாகக் கடைவது எளிது. எனவே இரும்பிலும் உள்மூலை கூர்மையாகவே கிடைக்கும். மற்றொரு வழி, குழியைப் பல துண்டுகளாகப் பிரித்துச் செய்து கோப்பது. எட்டுக் குமிழ்த் துளைகள் கொண்ட அடித்தளத்தைத் தனி இன்செர்ட்டாகவும் சுவர்களை வேறு துண்டாகவும் செய்தால், மின்பொறி பாயும் கம்பியால் அறுக்கும் வயர்கட்டும் சாணைக்கல்லால் தேய்க்கும் கிரைண்டிங்கும் கொண்டு ஒவ்வொன்றையும் மைக்ரான் அளவில் முடிக்கலாம். முட்டுச்சந்து போன்ற குமிழ்த் துளைகளில் சிக்கும் காற்று துண்டுகளின் இடுக்கு வழியாகத் தப்பிச் செல்வதும் இந்த முறையில் கூடுதல் ஆதாயம்.

குழாய்களைச் செய்வது இந்த அச்சிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். குழாயின் வெளிவிட்டம் 6.51, உள்விட்டம் 4.8, சுவரின் பருமன் 0.86 மி.மீ.-ஐ எட்டவில்லை. அவ்வளவு ஒடுக்கமான வளையப் பள்ளத்தை 8 மி.மீ. ஆழத்துக்கு வெட்டக்கூடிய எண்ட் மில் ஒரு நூல்போல் மெல்லியதாக இருக்கும், நுழைந்ததும் ஒடிந்துவிடும். எனவே யாரும் அந்தப் பள்ளத்தை வெட்டுவதில்லை. சுருக்கத்தைச் சேர்த்து 6.54 மி.மீ. விட்டத்தில் மேட்டை முழுவதுமாகத் துளைத்துவிட்டு, அதன் நடுவே 4.82 மி.மீ. தடிப்பில் கோர் பின் என்னும் தண்டு ஒன்றை நிறுத்தினால், இடைப்பட்ட வளைய வெளி தானாகவே குழாயின் வடிவமாகிவிடும். அந்த வளையத்துக்குள் அடியிலிருந்து எஜெக்டர் ஸ்லீவ் என்னும் தள்ளும் உறை ஒன்றைச் செருகிவைக்கலாம். உள்ளே பின்னையும் வெளியே துளையையும் உரசியபடி வழுக்கும் அந்த உறையின் நுனி, குழம்பு வரும்போது குழாயின் விளிம்பை உருவாக்குகிறது. அச்சு திறந்ததும் அதே விளிம்பை அழுத்திக் கட்டையை மேட்டிலிருந்து நேராகத் தள்ளிவிடுகிறது. தனி ஊசிகள் சுவரில் தழும்பு விடவேண்டிய அவசியம் அதனால் குறைகிறது. கடைய முடியாத ஒரு வடிவத்தைக் கடைய எளிய இரண்டு வடிவங்களாகப் பிரித்து, அந்தப் பிரிவையே தள்ளும் கருவியாகவும் மாற்றிக்கொள்வது அச்சுக்கலையின் மிக நேர்த்தியான சிந்தனைகளுள் ஒன்று.

மேட்டுக்கு ஒரு தொல்லை மட்டும் உண்டு. நாற்புறமும் சூடான பிளாஸ்டிக் சூழ்ந்திருக்க, மூன்று துளைகளும் உள்ளே இடத்தைத் தின்றுவிட, குளிர்நீர் ஓட இடமே இராது. மேடு சூடாகவே இருந்தால் சுவர்களின் உட்பக்கம் தாமதமாக உறைந்து, கட்டை நடுவில் உள்வாங்கி வளையும். வெப்பத்தை விரைவாகக் கடத்தும் செம்புக் கலவையில் மேட்டைச் செய்வது அல்லது அதன் அடித்தட்டில் நீர்வழியை மிக அருகே கொண்டுவருவது இதற்குரிய தீர்வுகள்.

அச்சுக்கான உலோகத் தேர்வு எத்தனை லட்சம் கட்டைகள் வேண்டும் என்பதைப் பொறுத்தது. பழகுபவர்களுக்கும் சில ஆயிரம் மாதிரிகளுக்கும் 7075 வகை அலுமினியம் போதும். வெட்டுவது எளிது, விரைவில் குளிரும். நடுத்தர உற்பத்திக்குச் ராக்வெல் என்னும் கடின அளவுகோலில் சுமார் 30 கடினத்துடன் வரும் பி-20 எஃகு ஏற்றது. வெட்டிய பின் உலையில் வைக்கவேண்டிய தேவை இல்லை. கோடிக்கணக்கில் வார்ப்பதற்கு எச்-13 போன்ற எஃகை முதலில் சற்றே பெரிதாக வெட்டி, 50 ராக்வெல் அளவுக்குக் கடினமாக்கி, உலையில் ஏற்பட்ட கோணலை நீக்கி, இறுதி அளவுக்கு கிரைண்டிங் செய்து முடிக்கவேண்டும்.

முதல் வார்ப்புக்குப் போகும்முன் ஓர் அடிப்படை விதி: இரும்பை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், சேர்ப்பதற்கு வெல்டிங்கோ புதிய துண்டோ வேண்டும். எனவே சந்தேகமுள்ள அளவுகளில் இரும்பை மிச்சம் வைத்தே வெட்டவேண்டும். நம் கட்டையில் இந்த விதி எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது என்று பாருங்கள். குமிழ்த் துளையில் இரும்பு மிச்சமிருந்தால் குமிழ் சிறிதாக வரும். மேட்டில் மிச்சமிருந்தால் சுவர்களுக்கிடையே வெளி அகலமாக வரும். குழாய்த் துளையில் மிச்சமிருந்தால் குழாய் ஒல்லியாக வரும். மூன்றுமே கட்டையைத் தளர்வாக்குபவை. ஆகவே முதல் சோதனை வார்ப்பில் வரும் கட்டை ஒன்றோடொன்று பிடிக்காமல் வழுக்கினால் அது தோல்வி ஆகாது. நாம் வேண்டுமென்றே நின்ற இடம் அது.

ஏ.பி.எஸ். மணிகளை 80 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்தி, முதலில் குழியைப் பாதி மட்டும் நிரப்பி, பிறகு சிறிது சிறிதாகக் கூட்டி, குழம்பு எந்த வழியாகச் செல்கிறது, எங்கே கடைசியாக நிரம்புகிறது என்று கவனிக்கவேண்டும். முழுக் கட்டைகள் கிடைத்ததும் அவற்றை உடனே அளக்கக் கூடாது. சுருக்கம் முழுமையாக அடங்க ஒரு நாள் விட்டு, அறை வெப்பத்தில் மைக்ரோமீட்டரை வைக்கவேண்டும். கிடைத்த அளவிலிருந்து உண்மையான சுருக்கத்தைக் கணக்கிட்டு, குமிழ்த் துளைகளை 0.01 மி.மீ. விரித்து, மறுபடி பாலிஷ் செய்து, மறுபடி வார்த்து, இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்திப் பார்க்கவேண்டும். பாலிஷ் கல் எப்போதும் கட்டை வெளியேறும் திசையிலேயே ஓடவேண்டும். குறுக்கே ஓடிய கீறல் ஒவ்வொன்றும் பிளாஸ்டிக்கைப் பற்றி இழுக்கும் பல்லாகிவிடும். மூன்று வயதுக் குழந்தையின் விரல்களால் பிரிக்க முடியாத அளவுக்கு இறுகிவிடாமல், தூக்கினால் தானே விழுந்துவிடாமல் கட்டை பிடிக்கும் அந்த அளவு வரும்வரை இந்தச் சுற்று தொடரும்.

எட்டுக் குழிகள் உள்ள அச்சில் எட்டும் ஒரே நாளில் அந்த அளவுக்கு வந்துவிடாது. ஏழு சரியாக இருக்க ஒன்று மட்டும் தளர்ந்திருக்கும். அதனால்தான் ஒவ்வொரு மேட்டின் தலையிலும் ஒரு சிறு எண்ணைச் செதுக்கி வைக்கிறார்கள். தொடக்கத்தில் திருப்பிப் பார்த்த கட்டையை மீண்டும் வெளிச்சத்தில் பிடியுங்கள். குழாய்களுக்கு நடுவே உட்கூரையில் புடைத்து நிற்கும் அந்த எண்ணைப் படித்தால், எந்த இரும்பைத் திறந்து எந்தத் துளையைத் திருத்தவேண்டும் என்பது அச்சுக்கூடத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.